450 டொலருக்கு வாங்கிய 12 வேட்டையிடங்கள்: ஓர் எச்சரிக்கை

கனடாவிலிருந்து கொக்குவிலுக்குத் திரும்பி இன்று ஐந்தாவது நாள். பயணக் களைப்பு ஆறிவிட்டது. 450 டொலரைப் பறிகொடுத்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. நம் காசில் அது ஏறக்குறைய ஒரு இலட்சம் ரூபாய். மான், மூஸ் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு "நல்ல இடங்களை" விற்பதாகச் சொல்லும் ஓர் இணையவழி வரைபடச் சேவையிடம் அதைக் கொடுத்து ஏமாந்தேன். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் நாளைக்கே மாறலாம், விற்கும் விதம் மாறாது. வெளிநாட்டில் பிள்ளைகளும் பெறாமக்களும் உள்ளவர்கள் இதை வாசித்து அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். புதியவர்கள் இடம் தேடுவது எப்படி என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தவனுக்கு வேட்டையில் என்ன சோலி என்று கேட்பீர்கள். இங்கே ஒரு புள்ளிமானையோ மரையையோ தொட்டால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாயும், பாயவும் வேண்டும். ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அது உரிமமும் பருவமும் எண்ணிக்கையும் வகுக்கப்பட்ட, சட்டப்படியான காரியம். ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பியின் மகன் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, துவக்குக்கான உரிமம் எடுத்து, இந்த வருடந்தான் முதன்முதலாக மூஸ் வேட்டைக்கு விண்ணப்பித்திருந்தான். வன்னிக் காட்டைப் பற்றி என் ஐயா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, துவக்கைத் தொடாவிட்டாலும் கூடப் போய்ப் பார்க்க ஆசை. அதற்காகவே கஸ்தூரியார் வீதியில் காசு மாற்றி 450 டொலரைத் தனியாக எடுத்துப் போயிருந்தேன். பெறாமகனுக்கு என் பரிசாக இருக்கட்டும் என்பது எண்ணம்.

விளம்பரத்தைக் காட்டியவன் அவன்தான். "புதியவர்களுக்கான பொதி: சோதித்துப் பார்த்த 12 இடங்கள், ஒருவருக்கு மட்டுமே விற்கப்படும்" என்று அதில் இருந்தது. எனக்கு உடனே சந்தேகம் வந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனெனில் நான் 31 வருடம் நில அளவையாளனாக வேலை செய்தவன். மூஸ் என்பது நின்ற இடத்தில் நிற்கும் பனைமரம் அல்லவே, அதன் இடத்தை எப்படி விற்கிறார்கள் என்று கேட்டேன். சரி, கதைத்துப் பார்ப்போம் என்று அந்த இலக்கத்துக்கு அழைத்தோம். மறுமுனையில் ஆங்கிலத்தில் தொடங்கிய இளைஞர், நாங்கள் இருவரும் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டதும் சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"அண்ணை எவ்விடம்?"

"கொக்குவில்."

"கொக்குவிலிலை எந்தப் பக்கம்?"

"மஞ்சவனப்பதி கோயிலடி."

"ஐயோ அண்ணை, என்ரை அம்மா தாவடி!"

இவ்வளவுதான். என் சந்தேகமெல்லாம் அந்த இடத்தில் முடிந்துபோனது. அதன்பிறகு நாங்கள் பதினைந்து நிமிடம் கதைத்தோம். அதில் பத்து நிமிடம் தாவடிச் சந்தியையும் கோயில் திருவிழாவையும் பற்றியது. கடனட்டையில் செலுத்தினால் மேலதிகக் கட்டணம் வரும், வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பிவிடுங்கள், உங்களுக்காக இன்றைக்கே கோப்பை அனுப்புகிறேன் என்றார். என் கையிலிருந்த காசைப் பெறாமகன் வாங்கிக்கொண்டு தன் கணக்கிலிருந்து 450 டொலரை அனுப்பினான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஊர்ப் பிள்ளை ஒருவன் இப்படி முன்னேறியிருக்கிறானே என்று தம்பியின் மனைவியிடம் சொன்னேன். அவர் மட்டும் ஒன்றும் பேசாமல் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

வந்த கோப்பு நான்கு பக்கம். பன்னிரண்டு செம்மஞ்சள் வட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஆள்கூறு, அதாவது இடத்தைக் குறிக்கும் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்கள். அந்த ஆள்கூறுகள் பாகைக்குப் பின் இரண்டு தசமதானத்தோடு நின்றன. 31 வருட அனுபவம் உள்ளவன் அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். அகலக்கோட்டில் இரண்டாவது தசமதானம் என்பது ஏறக்குறைய 1.1 கிலோமீற்றர், அந்தப் பகுதியில் நெடுங்கோட்டில் அது முக்கால் கிலோமீற்றர். அதாவது அவர்கள் "ஒரு இடம்" என்று விற்றது 200 ஏக்கருக்கு மேற்பட்ட காடு, நம் கணக்கில் மூவாயிரம் பரப்புக்கு மேல். அரைக் குழிக்காக வேலிச் சண்டை பிடித்தவர்களின் காணியை அளந்து பிழைத்த நான், இதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

இடம் எங்கே என்பதைவிடப் பெரிய பிழை வேறொன்று. ஒன்ராறியோவை வனவிலங்கு முகாமைத்துவப் பிரிவுகளாகப் பிரித்து இலக்கமிட்டிருக்கிறார்கள். 2021இலிருந்து மூஸுக்கான அனுமதிச் சீட்டுகள் புள்ளி முறையில் ஒதுக்கப்படுகின்றன. வருடக்கணக்காக விண்ணப்பித்துப் புள்ளி சேர்த்தவர்களுக்கே முதலிடம் என்பதால், புதியவனுக்குப் பெரிய கொம்புள்ள ஆண் மூஸுக்கான சீட்டுக் கிடைப்பது அரிது. பெறாமகனுக்குக் கிடைத்தது ஒரு குறிப்பிட்ட பிரிவில் கன்றுக்கான சீட்டு. அந்தப் பிரிவுக்கு வெளியே மூஸ் கண்முன் வந்து நின்றாலும் அவன் சுட முடியாது. எந்தப் பிரிவுக்குச் சீட்டு இருக்கிறது என்று விற்றவர் கேட்கவே இல்லை. எந்தக் கோயிலடி என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டில் மூன்றுதான் எங்கள் பிரிவுக்குள் விழுந்தன. ஒன்று அல்கோன்குயின் பூங்காவுக்குள், எங்களைப் போன்றவர்கள் வேட்டையாடவே முடியாத பகுதியில் இருந்தது.

ஒக்டோபர் நடுப்பகுதியில், அந்த மூன்றையும் நம்பி, ஸ்காபரோவிலிருந்து வடக்கே தெமகாமிப் பக்கமாக ஏறக்குறைய 450 கிலோமீற்றர் வாகனத்தில் ஓடினோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதைவிடத் தூரம். இருட்டோடு இருட்டாக முதலாவது இடத்துக்குப் போனால், மரம் வெட்டும் பாதையின் ஓரத்தில் ஐந்து வாகனங்கள் நிறுத்தியிருந்தன. இரண்டாவதில் மரங்களில் உள்ளங்கையளவு சிவப்பு வட்டங்கள் பூசப்பட்டிருந்தன. அந்த மாகாணத்தில் அதற்குப் பொருள், தனியார் காணி, உள்ளே வராதே என்பது. மூன்றாவதைக் கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டு நடந்தபோது பாதை முடிந்து தண்ணீர் வந்தது. அந்த ஆள்கூறு ஏரிக்குள் கிடந்தது.

திரும்பி முதலாவது இடத்துக்கே வந்தோம். செம்மஞ்சள் மேலங்கி அணிந்த ஒரு முதியவர் வாகனத்தின் பின்பலகையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். பெறாமகன் கோப்பைக் காட்டினான். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். தனக்கு அடுத்த வாகனத்துக்காரரைக் கூப்பிட்டார். அந்த மனிதரின் கைத்தொலைபேசியிலும் அதே நான்கு பக்கங்கள், அதே பன்னிரண்டு வட்டங்கள். "ஒருவருக்கு மட்டுமே விற்கப்படும்" என்ற அதே வரி.

அந்த முதியவர் காசு வாங்காமல் அரை மணி நேரத்தில் காட்டியதில் ஒரு பங்குகூட அந்தக் கோப்பில் இல்லை. பல வருடங்களுக்கு முன் மரம் வெட்டியோ எரிந்தோ இப்போது பிர்ச்சும் வில்லோவும் இளந்தளிராக எழும்பும் இடங்களைத்தான் மூஸ் நாடும் என்றார். ஒரு குச்சியை முறித்துக் கையில் தந்தார். முயல் கடித்தால் நுனி கத்தியால் சீவியதுபோல் இருக்கும். மூஸுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பல் இல்லாததால், கடித்து இழுத்த நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். நம் ஆடு மாடுகளும் அப்படித்தானே. இதை ஊரில் ஆடு வளர்த்த எவருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். 450 டொலர் தேவையில்லை. அந்த முறை ஒரு கன்றையும் காணாமல் திரும்பினோம். வேட்டையில் அது இயல்பு, அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை.

குறை சொல்வது அதன்பிறகு நடந்ததற்கு. முறைப்பாடு எழுதினோம், ஓர் இலக்கத்தைத் தந்து மூன்று வேலைநாளில் பதில் வரும் என்றார்கள். ஒன்பதாவது நாள் வந்த பதில், "விலங்கு தென்படும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை" என்றது. நாங்கள் விலங்கைப் பற்றிக் கேட்கவில்லை, ஏரியைப் பற்றிக் கேட்கிறோம் என்று எழுதினோம். "ஆள்கூறுகள் அண்ணளவானவை" என்று பதில் வந்தது. ஒருவருக்கு மட்டும் விற்பதாகச் சொன்னீர்களே என்றதற்கு, அது விலைக்கழிவைக் குறிக்கும், இடத்தைக் குறிக்காது என்றார்கள். இந்த விளக்கத்தைப் பெறாமகன் மொழிபெயர்த்தபோது நான் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

தாவடிக்காரர் முதலில் "அண்ணை, நான் கதைச்சுப் பாக்கிறன்" என்றார். பிறகு கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். பிறகு என் வட்ஸ்அப் செய்திகளுக்கு நீல அடையாளம் மட்டும் விழுந்தது. கடைசியாகக் குரல்பதிவு ஒன்று அனுப்பினார்: தான் கமிஷனுக்கு வேலை செய்பவர், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, ஊர்க்காரர் நீங்களே இப்படி நெருக்கினால் எப்படி என்று. ஊரை முதலில் இழுத்தவர் யார்? அடுத்த நாள் நிறுவனத்திடமிருந்து 20 டொலருக்கான கழிவுச்சீட்டு வந்தது. வருகிற இளவேனிலில் வான்கோழி வேட்டையிடங்களை வாங்குவதற்கு. 450 டொலருக்கு 20 டொலர், அதுவும் அவர்களிடமே செலவழிக்க! வங்கியோ, கணக்கில் சேர்ந்துவிட்ட பணத்தை மீளப்பெற முடியாது, கடனட்டையில் செலுத்தியிருந்தால் ஆட்சேபிக்க வழி இருந்திருக்கும் என்று கையை விரித்துவிட்டது.

ஆலோசனைகளை விரிவாகத் தருவதாகச் சொன்னேன். எழுத எழுத ஆத்திரம் ஏறுவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். எந்தப் பிரிவுக்குச் சீட்டு இருக்கிறது என்று முதல் கேள்வியாகக் கேட்காதவரிடம் இடம் வாங்காதீர்கள். எது அரச காணி, எது தனியார் காணி என்று மாகாண அரசாங்கமே இணையத்தில் வரைபடம் வைத்திருக்கிறது, அதற்குக் காசில்லை. தெற்கே மான் தேடுகிறவர்கள் காணிக்காரரின் வாசலில் போய் அனுமதி கேட்கட்டும், அங்கே பெரும்பாலான காணி தனியாருடையது. ஆள்கூறு என்றால் குறைந்தது நான்கு தசமதானம் இருக்க வேண்டும். கடனட்டை தவிர வேறு வழியில் காசு அனுப்பாதீர்கள்.

அதே கோப்பை வாங்கிய தமிழர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான்கு பக்கம், செம்மஞ்சள் வட்டங்கள், முதலாவது ஆள்கூறு 47.06 என்று தொடங்கும்.