கண்புரை ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

நேற்று சாயங்காலம், கண்புரை ஆபரேஷனுக்கு நான் முன்பணம் கட்டிய கிளினிக்கிலிருந்து கடைசிப் பதில் வந்தது. பணம் திரும்பாதாம். 42,000 ரூபாய். இராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மொரீஷியஸில் என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் இதே ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார்கள், அவர்களுக்காக இன்றைக்கே எழுதுகிறேன். எப்படித் தயாராக வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எல்லாம் சொல்கிறேன். கிளினிக்கின் பெயர் சொல்ல மாட்டேன். தனியார் கண் கிளினிக், பெரிய கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, அவ்வளவு போதும்.

எனக்கு 66 வயது. முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். வலது கண்ணில் புரை. இந்த வருஷம் தைப்பூசக் காவடிக்குக் கோவில் வாசலில் நின்றேன். வரிசையில் வந்த காவடிகளில் என் பேரன் தூக்கியது எது என்று தெரியவில்லை. பூவும் ரோஸ் துணியுமாக எல்லாம் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மோக்காவில் பாரதியார் பெயரிலேயே அரசாங்கம் கண் மருத்துவமனை வைத்த நாடு இது. அரசாங்கத்தில் ஆபரேஷனுக்கு ஒரு காசு கிடையாது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் நான்தான் தனியாருக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கை கூப்பி, "வணக்கம் மிஸ், நானும் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள்தான்" என்றாள். அ, ஆ, இ, ஈ என்று ஃ வரைக்கும் ஒப்பித்துக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் நான் சந்தேகப்படவில்லை. உங்கள் கண்ணில் சிலிண்டர் இருக்கிறது, அதாவது கருவிழி ஒரே சீராக வளையவில்லை, புரையை எடுத்துவிட்டு உள்ளே சாதாரண லென்ஸ் வைத்தால் மங்கலாகவே இருக்கும், அந்தக் கோணலைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ்தான் வேண்டும், வெளிநாட்டிலிருந்து உங்கள் பெயரில் வரவழைக்கிறோம், இன்றைக்கே கட்டினால் மூன்று வாரத்தில் ஆபரேஷன் என்றாள். ஒன்றரை வருஷம் பென்ஷனில் ஒதுக்கிய பணம். 42,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் 'முன்பணம்' என்று மட்டும் பிரெஞ்சில் எழுதியிருந்தது. என்ன லென்ஸ், என்ன பவர், எதுவும் இல்லை. நான் படிக்கவே இல்லை, மடித்துப் பையில் வைத்தேன்.

ஆபரேஷன் நாள். முந்தின இரவு சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாதீர்கள், காலை மாத்திரை வேண்டாம் என்றார்கள். அப்படியே செய்தேன். ஏழரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் என் பொட்டைத் துடைத்தாள், கண் மாறிவிடக்கூடாது என்று நெற்றியில் வலது புருவத்துக்கு மேலே மார்க்கரால் அம்புக்குறி போட்டாள், கண் பாப்பா (நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) விரியச் சொட்டு மருந்து விட்டாள். திரும்பத் திரும்ப நாலு தடவை. மணி பத்து, பன்னிரண்டு, ஒன்று. கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. என் சொந்த மீட்டரில் சர்க்கரையைப் பார்த்தேன்: 3.4 mmol/L, ரொம்பக் குறைந்துவிட்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த அம்மாள்தான் சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். இரண்டே முக்காலுக்கு வந்து, "லென்ஸ் இன்னும் வரவில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்றார்கள்.

விரிந்த பாப்பாவோடு வெயிலில் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்தேன். கறுப்புக் கண்ணாடிகூட இல்லை. ரோஸ் ஹில் வந்து சேர்வதற்குள் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. அந்த அம்புக்குறி இரண்டு நாள் போகவில்லை. அதற்குப் பக்கத்திலேயே பொட்டு வைத்துக்கொண்டு நடமாடினேன்.

அதற்கப்புறம் போன் செய்தால், "பா த்ராகாசே, மாதாம்." கவலைப்படாதீர்களாம்! ஒரு நாள் லென்ஸ் சுங்கத்தில் நிற்கிறது. மறுநாள் டாக்டர் ரீயூனியன் தீவுக்குப் போயிருக்கிறார். அப்புறம் பொறுப்பாளர் மீட்டிங்கில். இமெயில் அனுப்புங்கள், பதினைந்து வேலைநாள் பொறுங்கள். நேரில் போனால் உயிரெழுத்து ஒப்பித்த பெண் தலை நிமிரவில்லை. 'மிஸ்' போய் 'மாதாம்' ஆகிவிட்டேன்.

நடுவில் அரசாங்கக் கண் பிரிவில் காட்டினேன். அங்கே கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, தாளையே என் கையில் கொடுத்தார்கள். சிலிண்டர் 0.4 டயாப்டர், டயாப்டர் என்றால் பவரை அளக்கும் அலகு. ஒரு டயாப்டர்கூட இல்லாத இதற்கு டோரிக் லென்ஸே தேவையில்லை என்றார் டாக்டர். தேவையே இல்லாத லென்ஸுக்கு 42,000 ரூபாய்!

உடனே கிளினிக்குக்குப் போய் கேட்டேன். லென்ஸ் உங்கள் பெயரில் ஆர்டர் போட்டது, திருப்ப முடியாது என்றார்கள். சரி, ஆர்டர் தாளைக் காட்டுங்கள் என்றேன். பெட்டியைக் காட்டுங்கள். பவர் எத்தனை, சீரியல் நம்பர் எத்தனை? வாய் திறக்கவில்லை. நேற்று வந்த பதிலிலும் அதே வரிதான். இன்று காலை நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எல்லாம் சொல்வதாகச் சொன்னேன், கண் வலிக்கிறது, முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன். அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள், இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் விலையுயர்ந்த லென்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். ரசீதில் லென்ஸ் பெயரும், ஆபரேஷன் நடக்காவிட்டால் பணம் திரும்பும் என்ற வார்த்தையும் இருக்கட்டும். சர்க்கரைக்காரர்கள், காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணைக்கு ஆளும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் போகாதீர்கள். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடும் ஆண்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், பாப்பா சரியாக விரியாது. ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அரசாங்கத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள், தேதி இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் அந்தக் கிளினிக்குக்குப் போகிறேன், இந்தத் தடவை மகனோடு. ஆர்டர் தாளைக் காட்டும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.