மூன்று வருடமாக யூஎல்ஏ: என் நெட்வொர்க்கில் கற்றது

பேக்கப் சர்வருக்கு ஐந்து நாளாக எந்தக் கோப்பும் போகவில்லை என்பது தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, கேபிளும் சரி. இணைய இணைப்பு தரும் நிறுவனம் என் ஐபிவி6 பிரிஃபிக்ஸை, அதாவது என் கணினிகளின் முகவரிகளுக்குப் பொதுவான முன்பகுதியை, மாற்றியிருந்தது; பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் என் லோக்கல் டிஎன்எஸ்ஸிலோ பழைய குளோபல் முகவரியே (வெளி இணையத்திலும் செல்லும் முகவரி) கிடந்தது. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள, வெளியார் கொடுத்துப் பிடுங்கும் முகவரியை நம்பியிருக்க வேண்டாம் என்று அன்றே யூஎல்ஏவுக்கு வந்தேன்.

யூஎல்ஏ என்றால் யுனீக் லோக்கல் அட்ரஸ்: 2005இல் ஆர்எஃப்சி 4193 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த, உள் நெட்வொர்க்குக்கு மட்டுமான ஐபிவி6 முகவரிகள் இவை. எஃப்டி என்று தொடங்கும். அடுத்த 40 பிட்டை நாமே ரேண்டமாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். யாரிடமும் கேட்க வேண்டாம், யாரும் மாற்றவும் முடியாது. ரவுட்டரில் போட்டு முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சிக்கல் அதற்கப்புறம்தான். சர்வர் பெயருக்கு 192.168 என்று தொடங்கும் பழைய வகை ஐபிவி4 முகவரி, எஃப்டி முகவரி இரண்டையும் கொடுத்திருந்தேன். என் லினக்ஸ் லேப்டாப் எஃப்டி வழியாகப் போனது. பக்கத்திலிருந்த விண்டோஸ் கணினி, அதே பெயருக்கு, 192.168ஐப் பிடித்துக்கொண்டது. சர்வர் லாகில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் நின்றன. ஃபயர்வாலில் எஃப்டிக்கு மட்டும் வழி விட்ட நாளில் விண்டோஸ் கணினி வாசலிலேயே நின்றுவிட்டது.

காரணம், கணினிக்குள் இருக்கும் ஒரு முன்னுரிமை அட்டவணை. ஒரு பெயருக்குப் பல முகவரிகள் வந்தால் எதை முதலில் முயல்வது என்று அதுதான் வரிசைப்படுத்துகிறது. 2012இல் வந்த ஆர்எஃப்சி 6724இன்படி சாதாரண குளோபல் ஐபிவி6க்கு மதிப்பு 40, ஐபிவி4க்கு 35, யூஎல்ஏவுக்கு வெறும் 3. ஆக ஐபிவி4 இருக்கும் இடத்தில் யூஎல்ஏ தோற்கத்தான் செய்யும். அதற்கு முந்தைய 2003ஆம் ஆண்டு அட்டவணையில் யூஎல்ஏவுக்குத் தனி வரியே இல்லை. பொது வரியின் 40 அதற்கும் கிடைக்கும், ஐபிவி4க்கு 10தான். என் லேப்டாப் அந்தப் பழைய கணக்கில் இருந்தது. விண்டோஸில் நெட்ஷெல் கட்டளையில் பிரிஃபிக்ஸ் பாலிசிகளைக் காட்டச் சொன்னால் அந்த 3 கண்ணெதிரே தெரியும்.

எல்லா மெஷினிலும் அட்டவணையை மாற்றிவிடலாம் என்று இறங்கியது என் பெரிய தவறு. லினக்ஸில் இந்த அட்டவணையை மாற்ற உதவும் ஜிஏஐ.கான்ஃப் கோப்பில் யூஎல்ஏவுக்கென்று ஒரே ஒரு முன்னுரிமை வரி சேர்த்தேன். அப்படி ஒரு வரி எழுதினாலே உள்ளிருக்கும் முன்னுரிமை அட்டவணை முழுதாகக் கழன்றுவிடும், மற்ற வரிகளையும் நாமே எழுதித் தர வேண்டும் என்பது அந்தக் கோப்பின் குறிப்பிலேயே இருக்கிறது. நான் படிக்கவில்லை.

இப்போது அட்டவணையைத் தொடுவதே இல்லை. உள்ளே மட்டும் பயன்படும் பெயர்களுக்கு டிஎன்எஸ்ஸில் எஃப்டி முகவரி ஒன்றை மட்டும் வைக்கிறேன். ஐபிவி4உம் இல்லை, குளோபலும் இல்லை. தேர்ந்தெடுக்க ஒன்றுதான் இருந்தால் எந்த அட்டவணையும் குறுக்கே வராது. குளோபலைக் கூடவே வைத்தால் 40க்கும் 3க்கும் போட்டி, குளோபல்தான் ஜெயிக்கும், பழைய கதை திரும்பும். ஐபிவி4 மட்டுமே தெரிந்த பிரிண்டருக்கு மட்டும் விலக்கு.

புறப்படும் முகவரியை, அதாவது கணினி தன் முகவரிகளில் எதிலிருந்து அனுப்புவது என்பதை, தேர்வது இன்னொரு கணக்கு, அதில் எனக்கு ஒருநாளும் குறையில்லை. ஒவ்வொரு முகவரி வகைக்கும் ஒரு லேபிள் உண்டு; போகும் இடத்தின் லேபிளோடு பொருந்துவதைக் கணினி எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் 'ஐபி ரூட் கெட்' என்று கேட்டுப் பாருங்கள்: எஃப்டி இலக்குக்குப் புறப்படும் முகவரியும் எஃப்டி, வெளி இலக்குக்குக் குளோபல். மூன்று வருடத்தில் தவறிப் பார்த்ததில்லை.

தவறியது குளோபல் பக்கம்தான். ரவுட்டர் ரீபூட்டாகிப் புது பிரிஃபிக்ஸ் வாங்கும்போது, பழையது செல்லாது என்று யாருக்கும் சொல்லவில்லை. நெறிமுறையின் இயல்பு அளவுப்படி ஒரு முகவரி 7 நாள் விருப்பத்துக்குரியதாக (புது இணைப்புகளுக்கு எடுக்கத் தக்கதாக), 30 நாள் செல்லுபடியாக இருக்கும். அதனால் கணினிகள் செத்த முகவரியிலிருந்தும் வெளியே போகப் பார்த்தன. பிரவுசரில் இது தெரியவே தெரியாது. கால் நொடிக்குள் பதில் இல்லையென்றால் அடுத்த முகவரியையும் அது முயன்றுவிடும். தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சோ டைம்அவுட் வரை காத்துக் கிடக்கும். 2021இன் ஆர்எஃப்சி 9096 சொல்கிறபடி அந்த இரண்டு ஆயுளையும் முறையே 45, 90 நிமிடங்களாகக் குறைத்தேன். ரீபூட்டுக்குப் பிறகான தடுமாற்றம் முக்கால் மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது.

போன மாதம் பிரிஃபிக்ஸ் மறுபடி மாறியது. மறுநாள் காலை சர்வர் லாகைத் திறந்தேன். இரவு பேக்கப் அதே எஃப்டி பிரிஃபிக்ஸிலிருந்து, வழக்கமான நேரத்துக்கே வந்து முடிந்திருந்தது.