ஆக்சஸிலிருந்து இணையத்துக்கு: மூன்று வழிகள்

1992-இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்ட உறுப்பினர் பதிவேடுகளும் ரசீது நிரல்களும் இன்னும் பல அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோப்பு 2 ஜிபியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருக்கட்டும். கிளை அலுவலகத்திலிருந்து விபிஎன் (இணையம் வழியே அலுவலக வலையமைப்பில் சேரும் தனி இணைப்பு) வழியே திறந்திருக்கையில் இணைப்பு அறுந்தால் கோப்பே பழுதாகிவிடலாம் என்பதுதான் உண்மையான தலைவலி.

முதல் வழி, செலவு குறைந்தது: திரைகளை அப்படியே வைத்துக்கொண்டு அட்டவணைகளை மட்டும் சர்வரில் உள்ள தரவுத்தளத்துக்கு மாற்றி ஓடிபிசி (மென்பொருளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் பொது இடைமுகம்) மூலம் இணைப்பது. தரவு பத்திரமாகும். ஆனால் வினவலுக்குள் (தரவைத் தேடியெடுக்கும் கட்டளை) ஆக்சஸின் நிரல்மொழியான விபிஏவில் நாமே எழுதிய செயற்கூறு இருந்தால் சர்வரால் அதை இயக்க முடியாது. பதிவுகளை நம் கணினிக்கு இழுத்துவந்துதான் வடிகட்ட வேண்டியிருக்கும், வேகம் முன்பைவிடக் குறையவும் கூடும்.

இரண்டாவது வழி, அதிகம் நிரல் எழுதாமலே செயலி அமைக்க உதவும், மைக்ரோசாப்டின் பவர் ஆப்ஸ் போன்ற மேடைகள். அவற்றில் திரைகளை விரைவாக அமைக்கலாம், ஆனால் ஆள்கணக்கில் சந்தா கட்ட வேண்டும். 2013 பதிப்போடு வந்த ஆக்சஸ் வெப் ஆப்ஸை (உலாவியில் இயங்கும் ஆக்சஸ் செயலிகள்) தன் இணையச் சேவையான ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் 2018-இல் மைக்ரோசாப்டே மூடிவிட்டதால், இவ்வழியில் எனக்கு நம்பிக்கை குறைவு.

மூன்றாவது வழி, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம், ஜாங்கோ என்ற இணையச் செயலிக் கட்டமைப்பு ஆகியவற்றைக் கொண்டு புதிதாக எழுதுவது. பழைய திரைகளின் நிகழ்வு நிரல்களுக்குள் (பொத்தானை அழுத்துவது போன்ற செயலின்போது ஓடுபவை) ஒளிந்திருக்கும் விதிகளைத் தேடியெடுக்க வேண்டியிருப்பதால் நாள் பிடிக்கும். தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளின் குறிகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தால் வேலை இன்னும் கூடும். அதில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைக்குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும், இன்றைய பொதுத்தரமான யூனிகோடிலோ பின்னால் வர வேண்டும். அட்டவணையின் அதே நெடுவரிசையில் யாரேனும் ஆங்கிலத் தலைப்பெழுத்தைத் தட்டியிருந்தால் எழுத்துருவை மாற்றும் நிரல் அதையும் தமிழாக்கிவிடும். யூனிகோடுக்கு வந்த பிறகும் குறியெண் வரிசையில் 'ன' எழுத்து 'ந'வை அடுத்தே நிற்பதால், அகரவரிசைக்கு ஐசியூ என்ற மொழிவாரி வரிசைப்படுத்தும் நூலகத்தின் ஒழுங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் தேர்வு மூன்றாவதே. ஆனால் முதல் வழியைப் படிக்கட்டாக வைத்துக்கொள்வேன். போஸ்ட்கிரெஸுக்கும் ஓடிபிசி உண்டு என்பதால் அட்டவணைகளை முதலில் அங்கே ஏற்றி, எழுத்துருவை மாற்றி, பழைய திரைகளிலேயே ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். பழைய கோப்பைப் படிக்க மட்டும் அனுமதித்து வைத்திருந்தால், தவறாக மாறிய பெயர்களை ஒப்பிட்டுத் திருத்த அது உதவும்.