டாம் அண்ட் ஜெர்ரி ஸ்பாட்லைட் கலெக்‌ஷன், இரண்டாம் தொகுதி: முகம் காட்டாத அந்த அம்மா

2005இல் வெளியான டிவிடி. ரீஜியன் 1, அதாவது வட அமெரிக்க பிளேயர்களுக்கான வட்டு என்பதால் எல்லா பிளேயரிலும் ஓடாது, பார்த்து வாங்குங்கள்.

நான் இதைத் தேடி வாங்கியது, மேமி டூ ஷூஸ் என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகை லில்லியன் ராண்டால்ஃபுக்காக. 1940இல் வந்த முதல் படமான ‘பஸ் கெட்ஸ் த பூட்’டில், இன்னொரு பொருளை உடைத்தால் வீட்டைவிட்டே துரத்துவேன் என்று பூனையை மிரட்டும் கறுப்பின வீட்டுப் பணிப்பெண்தான் இந்த மேமி. 1952 வரை வந்தார். பெரும்பாலும் காலுறையும் செருப்பும் ஏப்ரனும்தான் தெரியும். கூடவே பார்த்த எட்டு வயது மகள், “அவங்க மூஞ்சிய ஏம்மா காட்டவே இல்ல?” என்றாள். பூனை எலிக்கெல்லாம் எத்தனை முகபாவம்! எனக்குத் தொண்டை அடைத்தது.

1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகப் பல படங்களில் அவரை அழித்து வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள். ராண்டால்ஃபின் குரலும் போனது. கேலிச்சித்திரமாக வரைந்தது ஒரு அநியாயம் என்றால், நடித்தவரின் உழைப்பையே துடைத்தது அடுத்த அநியாயம்.

இந்தத் தொகுதியில் கறுப்பின அமெரிக்க நடிகை வூப்பி கோல்ட்பெர்க் முன்னுரை பேசுகிறார். இந்தப் பாரபட்சங்கள் அன்றும் தவறு, இன்றும் தவறு; ஆனால் மறைத்தால் அவை இருந்ததே இல்லை என்றாகிவிடும் என்கிறார். குழந்தைகளோடு உட்கார்ந்து முதலில் அதைப் போடுங்கள். ராண்டால்ஃபைப் பற்றியே ஒரு தனிப் பகுதி வைத்திருக்கலாம், அந்த ஏக்கம் எனக்குத் தீரவில்லை. படத்தின் தெளிவு பரவாயில்லை.

ஐந்துக்கு நான்கு.