மருதங்கேணிக்கு நடை: கரையோரமா, ஏ9 வீதியா?

முதுகுப்பையோடு யாழ்ப்பாண மாவட்டத்து வடமராட்சி கிழக்குக் கரைப்பகுதியால் நடப்பவர்கள் அரிசி, பருப்பு, பிஸ்கட் என்று தீர்ந்ததை வாங்க நம்பிப் போகும் இடம் மருதங்கேணி. போக இரண்டு வழி: பருத்தித்துறையிலிருந்து கரையோரம், அல்லது கொடிகாமத்திலிருந்து ஏ9 வீதியால் (கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலை) போய்ப் புதுக்காட்டுச் சந்தியில் கிழக்கே திரும்புவது.

ஏ9 சுலபம். தார் வீதி, தேத்தண்ணிக் கடை, கால் ஏலாவிட்டால் கைகாட்டி ஏற பஸ். லொறிப் புகைதான் வழித்துணை. முகமாலைப் பக்கம் நிழலுக்காகக்கூட வீதியை விட்டு இறங்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடம் நடந்த மண் அது.

கரையோரத்தில் வல்லிபுர ஆழ்வார் கோயிலடியில் போத்தல்களை நிரப்பிக்கொள்ளலாம். அடுத்து மணற்காடு: சவுக்கு நிழல், மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயில் சுவர்கள். அப்புறம் குடத்தனை, அம்பன், நாகர்கோவில். காய்ந்த மணலில் பாரத்தோடு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் புதையும், கெண்டைக்கால் கடுக்கும். அலை நனைத்த ஓரம் இறுகியிருக்கும். அதில் நடந்தால் பாதி வேதனைதான். கிணறுகள் பல இடத்தில் உவர், ஆகவே மூன்று லீற்றராவது சுமக்க வேண்டும். அதுவே மூன்று கிலோ!

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏ9தான் சரி. மற்ற மாதங்களில், விடியுமுன் வெளிக்கிட முடிந்தால், நான் கரையைத்தான் சொல்வேன். எந்த வழியானாலும் அடுப்புக்கான எரிபொருளை மட்டும் யாழ்ப்பாணத்திலேயே வாங்கிவிடுங்கள்.