1,000 டாலரும் ஒரு பழைய சில்வராடோவும்: இன்டேக்கா, ஹெடரா, ட்யூனா, கிரவுன் பினியனா?

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் 2004 செவர்லே சில்வராடோ 1500 பிக்கப் ஒன்றை வாங்கினான். 5.3 லிட்டர் வி8, இரு சக்கர இழுவை, பின்னால் ஒரு மீன்பிடி படகு. வாங்கிய மறுநாளே, "அண்ணா, கையில 1,000 டாலர் இருக்கு. எதை மாட்டினா வண்டி நல்லா இழுக்கும்?" என்று கேட்டான். நானும் அதே வருஷத்து, அதே என்ஜின் வண்டியைத்தான் ஆஸ்டினில் ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இந்த என்ஜின் 1999-இல் 270 குதிரைத்திறனோடு வந்தது. அப்புறம் 285 ஆனது, 2004-இல் 295 ஆனது. இதெல்லாம் என்ஜினில் அளந்த கணக்கு. கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ஆக்ஸில் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின், டைனோ என்ற அளவிடும் கருவியில் சக்கரத்தில் வைத்து அளந்தால் நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு 230, 240 வந்தாலே சந்தோஷப்படலாம். இருபது வருஷம் ஓடிய வண்டியில் அதுவும் முழுதாக இருக்காது. அதனால் எதையும் வாங்கி மாட்டும் முன் என்ஜின் எதைத் தொலைத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். தொலைந்ததை மீட்பதைவிட மலிவாகக் குதிரைத்திறன் வேறெங்கும் கிடைக்காது.

என் வண்டியில் நடந்ததே இதற்கு உதாரணம். ஆஸ்டினுக்கு மேற்கே 71-ஆம் நெடுஞ்சாலை மேடுகளில் டிரெய்லரோடு ஏறும்போது வண்டி திணறியது. டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு. கணினி காட்டிய பிழைக்குறியீடு P0332, அதாவது என்ஜின் தட்டலைக் கவனிக்கும் நாக் சென்சார். இந்தத் தலைமுறை வி8-இல் இரண்டு நாக் சென்சார்கள், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு ரப்பர் மூடி. வருஷக்கணக்கில் என்ஜின் கழுவிய தண்ணீரும் மழைநீரும் அந்த ரப்பர் ஓரமாக உள்ளே இறங்கும், குறிப்பாகப் பின்பக்கத்து சென்சாருக்குள். பத்து போல்ட்டைக் கழற்றி மேனிஃபோல்டைத் தூக்கி, அந்த ரப்பரை இழுத்துப் பார்த்தேன். அடியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. சென்சாரின் ஆறுமுனைத் தலை துருவில் உதிர்ந்து வட்டமாகிவிட்டிருந்தது.

சென்சார் செத்துவிட்டால் என்ஜினில் தட்டல் வருகிறதா என்று கணினிக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக, மட்டமான பெட்ரோலுக்கென்று வைத்திருக்கும் பற்றவைப்பு அட்டவணைக்கு அது போய்விடும். பொறி தாமதமாக விழும், இழுவை போய்விடும். இரண்டு சென்சார், அதற்கான ஒயர், மேனிஃபோல்டு கேஸ்கட் எல்லாம் சேர்த்து 150 டாலருக்குள் முடிந்தது, ஒரு சனிக்கிழமை போனது. மறுபடி பூட்டும்போது போல்ட்டுகளை முதல் சுற்றில் 44 இஞ்ச்-பவுண்டு, இரண்டாம் சுற்றில் 89 என்று முறுக்க வேண்டும். மேனிஃபோல்டு பிளாஸ்டிக், அதனால் கைவலு காட்டக் கூடாது. பின் சென்சாரைச் சுற்றி தண்ணீர் வராதபடி சிலிகான் பசையால் ஒரு சின்னக் கரை கட்டினேன். அடுத்த வாரம் அதே மேடு, அதே டிரெய்லர். வண்டி கியர் இறக்காமல் ஏறியது. ஸ்பார்க் பிளக், அடைத்துப்போன ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார் ஆகியவற்றையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

சரி, இனி புதிதாக மாட்டுபவை.

எல்லோரும் முதலில் கை வைப்பது கோல்டு ஏர் இன்டேக், அதாவது என்ஜினுக்குக் காற்று எடுக்கும் குழாயும் ஃபில்டரும். 200 முதல் 350 டாலர். பெட்டியில் பெரிய எண்களைப் போட்டிருப்பார்கள். இந்த வண்டியில் நான் எதிர்பார்ப்பது 5 குதிரைத்திறன், அதுவும் ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்து, ஆர்பிஎம் உச்சத்துக்கு ஏறும்போது. காரணம், கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸ் மோசமில்லை. அது ஃபெண்டர் பக்கமிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. கூம்பு ஃபில்டரை மூடியில்லாமல் பானட்டுக்கு அடியில் வைத்தால், ஆகஸ்ட் மாத டெக்சாஸ் போக்குவரத்தில் அது என்ஜின் சூட்டைத்தான் உறிஞ்சும். எண்ணெய் தடவும் ஃபில்டர் என்றால், எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சாரின் கம்பியில் படிந்து அதன் கணக்கைக் கெடுக்கும். உறுமல் சத்தம் நன்றாக இருக்கும், அது உண்மை. சத்தம் வேண்டும் என்பவர் வாங்கலாம். இழுவை வேண்டும் என்றால் 15 டாலருக்கு நல்ல காகித ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிட்டு மீதிப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் ஜோடி கேட்-பேக் எக்ஸாஸ்ட். கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாய், சைலன்சர் எல்லாம் மாறும். 300 முதல் 600 டாலர். லாபம் இன்டேக் அளவுதான், கொஞ்சம் கூடலாம். இரண்டில் ஒன்று என்றால் எக்ஸாஸ்ட்டைத்தான் சொல்வேன், அதுவும் பழைய சைலன்சர் துருப்பிடித்து எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால்.

ஹெடரில்தான் உண்மையான காற்றோட்டம் திறக்கிறது. என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் குழாய்கள்தான் ஹெடர். கம்பெனியின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நாலு சிலிண்டரின் புகையும் ஒரே குறுகிய வழியில் முட்டிக்கொண்டு போகிறது. லாங் டியூப் ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நீளக் குழாய், கீழே வந்துதான் சேரும். ட்யூனோடு (என்ஜின் கணினியைத் திருத்துவது, கீழே சொல்கிறேன்) சேர்த்தால் சக்கரத்தில் 15 முதல் 20 குதிரைத்திறன் வரை கிடைக்கும். குட்டையான ஷார்ட்டி ஹெடரில் அந்த லாபம் பெரும்பாலும் காணாமல் போய்விடும். ஆனால் லாங் டியூப்புக்கு விலை அதோடு நிற்காது. இரு பக்கக் குழாய்களையும் ஒன்றாக்கும் ஒய்-பைப்போடு 500 முதல் 900 டாலர். ஆக்சிஜன் சென்சார் ஒயரை நீட்ட வேண்டும், பிளக் ஒயர் குழாயில் பட்டு உருகாமல் பார்க்க வேண்டும்.

போல்ட் விஷயம் தனி. அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் எஃகு போல்ட், இருபது வருஷம் சூடாகிக் குளிர்ந்து தேய்ந்தது. கடைசி சிலிண்டர் பக்கத்து போல்ட் ஏற்கெனவே தலை உடைந்து கிடப்பது இந்த என்ஜினில் சகஜம். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் மறைகிறதா? அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தப் போல்ட்டைத்தான். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். உள்ளே உடைந்துவிட்டால், ஃபயர்வாலுக்கும் (என்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) ஹெட்டுக்கும் நடுவே கை நுழையாத இடத்தில் டிரில் பிடிக்க வேண்டிவரும்.

சட்டமும் இருக்கிறது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது அமெரிக்கா முழுவதும் சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் புகை சம்பந்தப்பட்ட எந்தப் பாகமானாலும் மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். டெக்சாஸில் ஆஸ்டின், ஹூஸ்டன், டல்லாஸ் சுற்றுவட்டாரங்களில் 24 வருஷம் வரையான பெட்ரோல் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை உண்டு. ஹெடர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அடுத்து ட்யூன், அதாவது என்ஜின் கணினியின் அட்டவணைகளைத் திருத்துவது. கையடக்கக் கருவி 300 முதல் 500 டாலர். ஆள் வைத்து உங்கள் வண்டிக்கென்றே எழுதி வாங்கினாலும் ஏறக்குறைய அதே தொகை. 93 ஆக்டேன் உயர்ரக பெட்ரோலுக்குப் பற்றவைப்பை முன்னே கொண்டுவந்தால் 10 முதல் 15 குதிரைத்திறன் கிடைக்கும். எண்ணைவிட முக்கியமான வேலை வேறு. கம்பெனி ட்யூனில் கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் கணினி என்ஜினின் முறுக்குவிசையைக் குறைத்து மென்மையாக்கும். மிதித்தபின் ஒரு கணம் யோசித்துவிட்டு வண்டி கிளம்புவதுபோல இருக்குமே, அதில் பெரும்பங்கு இதுதான். அந்தத் தயக்கத்தைக் குறைத்து, கியர் மாற்றத்தை இறுக்கினால் தினமும் ஓட்டும்போதே வித்தியாசம் தெரிகிறது. ஒரு குறை உண்டு: 93-க்கு எழுதிய ட்யூனில் 87 ஆக்டேன் சாதாரண பெட்ரோல் போட முடியாது. பெட்ரோல் பங்க்கில் அந்த வித்தியாசத்தைக் காலமெல்லாம் கொடுக்க வேண்டும். படகு இழுக்கும் தம்பிக்கு 87-க்கே ட்யூன் எழுதி, கியர் மாற்றத்தை மட்டும் சரிசெய்யச் சொன்னேன்.

த்ராட்டில் பாடி ஸ்பேசர் (காற்று நுழையும் வாசலில் வைக்கும் வளையம்), 20 டாலருக்கு ஓபிடி துளையில் (வண்டிக் கணினியைச் சோதிக்கும் துளை) செருகும் 'பவர் சிப்' இரண்டையும் தொடவே வேண்டாம். இந்த என்ஜினில் பெட்ரோல் சிலிண்டர் வாசலில்தான் தெளிக்கப்படுகிறது. மேலே காற்றைச் சுழற்றிவிடுவதால் கலப்பது எதுவும் இல்லை. அந்தச் சிப்பில் விளக்கு மட்டும்தான் மினுக்கும்.

ரேடியேட்டரைக் குளிர்விக்க மின்விசிறி மாட்டுவது பரவாயில்லை. 2005-இலிருந்து கம்பெனியே இந்த வண்டிகளில் மின்விசிறி வைத்தது. பழைய வண்டிச் சந்தையில் அதைக் கழற்றிவந்து 2004-க்கு மாட்டலாம். ஒயர் இழுத்து ட்யூனில் திறந்துவிட்டால் கணினியே இயக்கும். பெல்ட்டில் சுற்றும் பெரிய விசிறி தின்கிற சில குதிரைகள் மிச்சமாகும். வெயிலில் கனமாக இழுப்பவர் பழைய விசிறியையே வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, குதிரைத்திறன் ஒன்றுகூடத் தராத கிரவுன் பினியன், அதாவது ஆக்ஸிலில் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி. என் பார்வையில் இழுக்கிற வண்டிக்கு இதுதான் முதலிடம். உங்கள் வண்டியில் உள்ள விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, கிளவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் எழுத்துக் குறியீடாக இருக்கும். GU6 என்றால் 3.42, GT4 என்றால் 3.73, GT5 என்றால் 4.10. 3.42-ஐ 4.10 ஆக்கினால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 20 சதவீதம் கூடும். வேறு எந்த மலிவான பாகமும் அடி ஆர்பிஎம்மிலிருந்தே இவ்வளவு தராது. இழுக்கிற வண்டி நாளெல்லாம் வாழ்வது அடி ஆர்பிஎம்மில்தான். நஷ்டம் நெடுஞ்சாலையில்: 30.5 அங்குல டயரில் மணிக்கு 70 மைல் போனால் 1,850 ஆர்பிஎம்மில் சுற்றிய என்ஜின் 2,200-இல் சுற்றும், மைலேஜ் குறையும். இரு சக்கர இழுவைக்குக் கூலியோடு 700 முதல் 1,000 டாலர். நான்கு சக்கர இழுவை என்றால் முன்னாலும் மாற்ற வேண்டும், செலவு இரட்டிப்பு. பற்களுக்கு இடைவெளி வைப்பதில் ஒரு நூல் தவறினாலும் ஆக்ஸில் ஊளையிடும், அதனால் இதை மட்டும் அனுபவமுள்ள கையிடம் கொடுங்கள். ஸ்பீடாமீட்டரை ட்யூனில் திருத்த மறக்காதீர்கள்.

வெறும் வண்டியை நகரத்துக்குள் ஓட்டுபவர் என்றால் என் வரிசை மாறும்: ட்யூன், அப்புறம் ஹெடர். இன்டேக் அப்போதும் கடைசிதான்.

தம்பி வண்டியில் சென்சார் பிழைக்குறியீடு எதுவும் இல்லை. ஸ்டிக்கரில் GU6. 33 அங்குல டயர் போடும் ஆசையும் அவனுக்கு இருக்கிறது. அந்த டயரோடு 3.42 என்றால் வண்டிக்கு 3.16 போட்டதற்குச் சமம், படகோடு ஏற்றத்தில் அழும். 3.73-ஆ, 4.10-ஆ என்று இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறான். 4.10 போட்டால் அந்தப் பெரிய டயரோடு அது 3.79 போல நடந்துகொள்ளும், ஆகவே 4.10-ஐயே வாங்கு என்று சொல்லியிருக்கிறேன்.