குலாங்யூவும் கின்மெனும்: அருகருகே இரு தீவுகள்

தென்சீனத் துறைமுகமான ஷியாமென் நகருக்கு எதிரே, ஏறத்தாழ 600 மீட்டர் அகலமுள்ள நீரிணைக்கு அப்பால் இருக்கும் குலாங்யூ, இரண்டு சதுர கிலோமீட்டரைக்கூட எட்டாத பாறைத் தீவு. 1843இல் ஷியாமென் அந்நிய வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டபின் தூதரகங்களும் தேவாலயங்களும் இங்கு எழுந்தன. 1903இல் இது பன்னாட்டுக் குடியிருப்பானது. மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாத இத்தீவு 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கிழக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில், தைவானின் ஆட்சியிலுள்ள கின்மென் இதைவிடப் பன்மடங்கு பெரியது. தென்கிழக்காசியாவில் பொருளீட்டித் திரும்பியோர் கட்டிய மாளிகைகள் இரு தீவுகளிலும் உண்டு. ஆனால் 1949க்குப் பின் கின்மெனின் வாழ்வைத் தீர்மானித்தது போர்தான். 1958 ஆகஸ்ட் 23 அன்று சீனா தொடங்கிய கடும் பீரங்கித் தாக்குதல் பின்னர் ஒருநாள்விட்டு ஒருநாள் என்று மாறி, 1979 வரை நீடித்தது; பிரசாரத் துண்டறிக்கைகளைச் சுமந்து வந்து விழுந்த அந்தக் குண்டுகளின் எஃகை வெட்டி, காய்ச்சி, அடித்து, உள்ளூர்க் கொல்லர்கள் சமையல் கத்திகள் செய்கிறார்கள்.

கட்டடக்கலையை ஒரே நாளில் நடந்து பார்க்க விரும்புவோருக்குக் குலாங்யூ போதும். சீனக் கடற்கரையின் இருபதாம் நூற்றாண்டை அறிய விரும்புவோருக்கு நான் கின்மெனையே பரிந்துரைப்பேன். கருங்கல்லைக் குடைந்த படகுச் சுரங்கங்களும், 1992 வரை நீடித்த இராணுவ ஆட்சியின் தடயங்களும் அங்குதான் இருக்கின்றன.